74 கிலோவில் நின்றுவிட்டது: பேலியோவில் இனி எதைக் குறைப்பது?

திருப்பூர்க்காரி:

எல்லோருக்கும் வணக்கமுங்க. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். சுருக்கிக் கேட்டால் "தண்ணி நிறைய குடிங்க" என்று ஒரு பதில் வந்து, அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

வயது 46, உயரம் 158 செ.மீ. பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். நாள் முழுக்க நாற்காலிதான். ஷிப்மென்ட் வாரத்தில் மட்டும் செக்கிங் டேபிளுக்கும் பேக்கிங்குக்கும் ஓட்டம். தை மாதம் 86 கிலோ இருந்தேன். எச்பிஏ1சி (மூணு மாதச் சர்க்கரைச் சராசரி) 6.3 என்று வந்தது. "இப்பவே பிடிச்சீங்கன்னா மாத்திரை இல்லாமலே சமாளிக்கலாம்" என்றார் டாக்டர். அரிசி, கோதுமை, சர்க்கரை, கிழங்கு, பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பேலியோவில் (மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பும் புரதமும் சாப்பிடுகிற டயட்) இறங்கினேன். முதல் மாதமே நாலு கிலோ. அப்புறம் மாதம் ஒன்றரை, ரெண்டு. ஆடி பிறக்கும்போது 74.5. எச்பிஏ1சி 5.7க்கு வந்துவிட்டது. அதில் குறை இல்லை.

இப்போது புரட்டாசி. மெஷினில் அதே 74.5. ஒரு நாள் 74 காட்டும், மறுநாள் 75 காட்டும், திரும்ப அங்கேயே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சாப்பாடு இதுதான். எழுந்ததும் தைராய்டு மாத்திரை, கையோடு 25 கிராம் வெண்ணெய் போட்ட பட்டர் டீ. பதினோரு மணிக்கு நெய்யில் வறுத்த பாதாம், ஒரு சின்ன டப்பா, 60 கிராம் வரும். மதியம் காலிஃப்ளவர் ரைஸ் அல்லது தேங்காய் போட்ட பொரியல், மூணு முட்டை ஆம்லெட், ஒரு கப் தயிர். நாலு மணிக்கு ஆபீசில் பஜ்ஜி வரும், நான் சீஸ் கட்டி ரெண்டு. ராத்திரி சிக்கன் அல்லது மீன், கூட ஒரு காய். புரட்டாசி பிறந்ததும் எங்கள் வீட்டில் முட்டைகூட அடுப்பங்கரைக்குள் வராது. அதனால் மதியம் 100 கிராம், ராத்திரி 150 கிராம் என்று பனீர்தான் ஓடுகிறது. ஒரு நாள்கூட சீட்டிங் (டயட்டை மீறித் தின்பது) கிடையாது. கிருத்திகைப் பொங்கலைக்கூட நெற்றியில் ஒற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தேன்.

கேட்கிற இடத்தில் எல்லாம் ஆளுக்கொரு பேச்சு. பாதாமை நிறுத்து என்கிறார் ஒருத்தர். பால் பொருளே கூடாது என்கிறார் இன்னொருத்தர். உனக்குக் கொழுப்பு போதவில்லை, இன்னும் வெண்ணெய் சேர் என்கிறார் மூணாவது ஆள். வாரியர் (நாலு மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்துவிட்டு மீதி நேரம் பட்டினி) இரு, ஒருவேளை மட்டும் சாப்பிடு, 24 மணி நேரம் விரதம் இரு, ஆப்பிள் வினிகர் குடி... மாமியார் சொல்வது வேறு: "சோறு தின்னாலும் இப்படித்தானே இருப்பே, அதையாவது தின்னு. இல்லாட்டிப் போனாக் கேழ்வரகுக் களி கிண்டித் தர்றேன், அது சக்கரைக்கு நல்லது."

என் கேள்வி ரெண்டு. இந்த டயட் இனி வேலை செய்யாதா? செய்யும் என்றால் எதை எடுப்பது? எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லாதீங்க, வேலைக்குப் போகிற பொம்பளை நான்.

பிரியாணிப் பிரியன்:

சகோ, உடம்பு பழகிப்போச்சு, அவ்வளவுதான். ஒரு ஞாயிறு நல்ல மட்டன் பிரியாணி ஒரு கட்டு கட்டுங்க, மெட்டபாலிசம் முழிச்சுக்கும். எனக்கு ஒவ்வொரு தடவையும் வேலை செய்யுது.

செட்டிநாட்டுக் கரண்டி:

பிரியாணித் தம்பி, உங்களுக்கு ஒவ்வொரு தடவையும் தேவைப்படுகிறது என்பதையும் யோசியுங்க. மறுநாள் மெஷினில் ரெண்டு கிலோ ஏறியிருக்கும், அடுத்த நாலைந்து நாளில் அது இறங்கும், "ஆகா உடைஞ்சிடுச்சு" என்று நாம் குதிப்போம். ஏறியதும் தண்ணி, இறங்கியதும் தண்ணி. உடம்பு மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கும்போது கிராமுக்கு மூணு கிராம் தண்ணியையும் சேர்த்தே வைக்கும். தங்கச்சிக்கு முதல் மாதம் போன நாலு கிலோவிலும் நல்ல பங்கு அந்தத் தண்ணிதான். அது போன வேகத்தை மனசில் வைத்துக்கொண்டு ஆறாம் மாதத்தைப் பார்த்தால் எல்லாமே நின்ற மாதிரிதான் தெரியும்.

தங்கச்சி, நான் காரைக்குடிப் பக்கம் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட். எடை 108ல் இருந்து 80களுக்கு வந்து சில வருசம் ஆச்சு. நடுவில் எனக்கும் நின்றது, ஒரு தடவை இல்லை. டாக்டர் விஷயம் எனக்குத் தெரியாது. அடுப்பு விஷயம் தெரியும், அதை மட்டும் சொல்கிறேன்.

எதை எடுப்பது என்று கேட்டீங்க. எடுப்பதற்கு முன்னால் எடை போடுங்க. உங்களை இல்லை, எண்ணெயை. நீங்கள் எழுதிய பட்டியலில் பாதாமுக்குக் கிராம் இருக்கிறது, வெண்ணெய்க்குக் கிராம் இருக்கிறது, பனீருக்கும் இருக்கிறது. தாளிக்கிற எண்ணெய்க்கும் நெய்க்கும் தேங்காய்க்கும் இல்லை. யாருமே எழுத மாட்டார்கள், ஏனென்றால் அது சாப்பாடு என்று கணக்கில் வருவதில்லை, சமையல் என்று போய்விடுகிறது. என் பசங்களில் ஒருத்தனைக் கூப்பிட்டு "ஒரு ஸ்பூன் எண்ணெய் ஊத்துடா" என்றால் அவன் ஊத்துவது தராசில் இருபது கிராம் காட்டும். அளவு ஸ்பூனில் ஊத்தினால் டேபிள் ஸ்பூனுக்கே பதிமூணு, பதினாலுதான். காலிஃப்ளவர் ரைஸ் வதக்கும்போது அது எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கும், சட்டி காய்ந்த மாதிரி தெரியும், இன்னொரு சுற்று ஊத்துவோம். பனீரும் அப்படித்தான். ஆம்லெட்டுக்கு ஓரத்தில் விடுகிற நெய்யை யார் எண்ணுவது?

ஸ்பூன் அளவெல்லாம் ரெண்டு நாளில் கை மறந்துவிடும். வேறு வழி சொல்கிறேன். உங்களுக்கென்று தனியாக ஒரு சின்ன பாட்டிலில் எண்ணெய், ஒரு சின்ன டப்பாவில் நெய் வைத்துக்கொள்ளுங்க. உங்கள் சமையலுக்கு அதை மட்டும் தொடணும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரெண்டையும் மூடியோடு தராசில் வைத்து எழுதிக்கொள்ளுங்க. அடுத்த ஞாயிறு திரும்ப வையுங்க. குறைந்ததை ஏழால் வகுத்தால் ஒரு நாள் கணக்கு. பொய்யே வராது. கல்யாண வீட்டில் டின் கணக்கு முடிப்பதும் இப்படித்தான், மாஸ்டர் சொல்கிற கணக்கை நான் கேட்பதே இல்லை.

இப்போது நீங்கள் எழுதியதைக் கூட்டிப் பார்த்தேன். பட்டர் டீ வெண்ணெய் 180 கலோரி. பாதாம் 350. பனீர் 250 கிராம், கடைப் பனீர் என்றால் 750 போல. சீஸ் கட்டி ரெண்டும் 125. தயிர் 100, காய் 120. பொரியலுக்குத் துருவிய தேங்காய் ஒரு கைப்பிடி, 40 கிராம் என்றே வைப்போம், அது 140. எண்ணெய் நெய் 25 கிராம் என்று தாராளமில்லாமல் போட்டாலும் 225. கூட்டினால் 2000ஐத் தொடுகிறது. உங்கள் வயசுக்கும் உயரத்துக்கும் நாற்காலி வேலைக்கும் 86 கிலோவில் உடம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2000 கலோரி செலவழித்திருக்கும். 74ல் 1850 போலத்தான் வரும். இதெல்லாம் குத்துமதிப்பு, நூறு முன்னே பின்னே இருக்கும். ஆனால் வரவும் செலவும் எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்று தெரிகிறதா?

பனீர்தான் குற்றவாளி என்று உடனே முடிவு கட்டாதீங்க. ஆடியில் நின்றது, அப்போது வீட்டில் முட்டையும் சிக்கனும்தானே ஓடின. ஆரம்பத்தில் என்ன நடக்கும் என்றால், சோறு போன வேகத்தில் பசியே தெரியாது. வெண்ணெயைப் பார்த்தால் திகட்டும். பாதி டப்பா பாதாம் திரும்பி வரும். ஆறு மாதத்தில் நாக்குப் பழகிவிடும், டப்பா காலியாகும். லிஸ்ட் மாறவே இல்லை, "நான் எதையும் மாத்தலையே" என்போம். மாறியது அளவு.

அதனால் கொழுப்பு போதவில்லை என்று வெண்ணெய் சேர்க்கச் சொன்னவர் பேச்சைக் கேட்காதீங்க. வெளியிலிருந்து உள்ளே போகிற கொழுப்பு குறைந்தால்தான் இடுப்பில் இருப்பது கரையும். நானாக இருந்தால் முதலில் பட்டர் டீயை எடுப்பேன். வெண்ணெயால் வயிறு நிறைவது ஒரு மணி நேரம்கூட நிற்காது, புரதமும் அதில் இல்லை. அடுத்தது நாலு மணி சீஸ். பாதாமைப் பாதியாக்குங்க, நெய்யில் வறுக்காமல் ராத்திரி ஊறவைத்துத் தின்னுங்க, மெதுவாகத்தான் இறங்கும். முட்டை, மீன், கோழியைக் குறைக்காதீங்க. ஒரு மாதத்துக்குப் பட்டர் டீ, சீஸ், பாதாம் என்று இந்த மூணில் மட்டும் கை வைத்தால் போதும்.

வெளியே சாப்பிடுவீங்களா, எழுதவில்லை. சாப்பிட்டால் ஒரு எச்சரிக்கை. சிக்கன் 65 என்றால் கார்ன்ஃப்ளவரும் மைதாவும் இல்லாமல் மொறுமொறுப்பு வராது. மீன் வறுவலில் அரிசி மாவு. கிரேவி கெட்டியாக இருந்தால் முந்திரி விழுது, மலிவான கடை என்றால் பொட்டுக்கடலை. உங்கள் ஊர்ப் பக்கத்துப் பள்ளிபாளையம் சிக்கன் நல்லது, அதில் மாவு வேலையே இல்லை: வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு. ஆனால் தட்டின் அடியில் தேங்கும் எண்ணெயை வழித்துச் சாப்பிடாதீங்க. அதுதான் ருசி என்று எனக்கும் தெரியும்.

கணக்கு வாத்தியார்:

கரண்டி அண்ணன் சொன்னதற்குப் பிறகு பெரிதாகச் சேர்க்க ஒன்றுமில்லை. "இந்த டயட் இனி வேலை செய்யாதா?" என்ற முதல் கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

இஸ்ரேலில் டிமோனா அணு ஆராய்ச்சி மையத்தில் 322 பேரை மூன்றாகப் பிரித்து இரண்டு ஆண்டு ஆராய்ந்தார்கள். ஒரு கூட்டத்துக்குக் கொழுப்பு குறைந்த உணவு, ஒன்றுக்கு மத்தியதரைக்கடல் பக்கத்து உணவு, ஒன்றுக்கு மாவுச்சத்து குறைந்த உணவு. 2008ல் வெளிவந்தது. மாவுச்சத்து குறைத்தவர்களுக்கு இரண்டு ஆண்டு முடிவில் சராசரியாகக் குறைந்தது 4.7 கிலோ. மற்ற இரண்டையும்விடக் கூடுதல்தான். ஆனால் வரைபடத்தைப் பார்த்தால் மூன்று கோடும் முதல் ஆறு மாதத்துக்குள் இறங்கி முடிந்துவிடும், அதன் பிறகு படுக்கையாக ஓடும், கொஞ்சம் ஏறவும் செய்யும். நீங்கள் நின்றிருப்பதும் அந்த ஆறாவது மாதத்தில்தான். அவர்கள் சராசரியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் குறைத்துவிட்டு நிற்கிறீர்கள் என்பதையும் கவனிக்கவும். தேக்கம் எந்த டயட்டுக்கும் தனிச்சொத்து இல்லை.

காரணமும் ஓரளவு அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு 2016ல் கணக்கிட்டது: எடை ஒரு கிலோ குறைந்தால் உடம்பின் செலவு நாளுக்கு 20 முதல் 30 கலோரி இறங்குகிறது, பசியோ 100 கலோரி அளவுக்கு ஏறுகிறது. எல்லோரும் மெட்டபாலிசத்தைத் திட்டுகிறோம். அதிகம் இழுப்பது பசி. அதுவும் வயிற்றைக் கிள்ளுகிற பசியாக வராது, கூட ரெண்டு பாதாமாக வரும்.

இன்னொன்று, யாரையும் குத்திக்காட்டச் சொல்லவில்லை. 1992ல் நியூயார்க்கில், 1200 கலோரிக்குக் கீழே சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று சொன்ன பத்துப் பேரைச் சோதித்தார்கள். அவர்கள் சொன்ன கணக்கு சராசரி 1028, உண்மையில் உள்ளே போனது 2081. உடம்பின் செலவு எதிர்பார்த்த அளவில் சரியாகவே இருந்தது. அவர்கள் பொய்யர்கள் இல்லை, மனக்கணக்கில் நம்பிக்கை வைத்தவர்கள். பாட்டிலைத் தராசில் வைக்கும் யோசனை எனக்குப் பிடித்திருப்பது அதனால்தான்.

மாமியாரின் களிக்கு: 100 கிராம் கேழ்வரகில் மாவுச்சத்து சுமார் 67 கிராம், தீட்டிய அரிசியில் 78. நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் கேழ்வரகில் மிக அதிகம், நல்ல தானியம். ஆனால் மாவுச்சத்து குறைந்த தானியம் என்று அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. சாப்பிட்டால் சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிடலாம், காலிஃப்ளவருக்குப் பதிலாக அல்ல.

நைட் டூட்டி சிஸ்டர்:

அக்கா, பதிவைப் படித்ததும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது எடை இல்லை. "எழுந்ததும் தைராய்டு மாத்திரை, கையோடு பட்டர் டீ" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். மாத்திரையை வெறும் வயிற்றில் வெறும் தண்ணியோடு போட்டு, குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் டீ, காபி எதுவும். பாலும் கால்சியமும் காபியும் அந்த மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். கால்சியம், இரும்பு மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் அதற்கு நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். கடைசியாக டிஎஸ்எச் (தைராய்டு ரத்தப் பரிசோதனை) எப்போது பார்த்தீர்கள்? எடை பதினொரு கிலோ குறைந்திருக்கிறது, எப்படியும் டோஸை ஒரு தடவை சரிபார்க்க வேண்டிய நேரம். ரத்தம் கொடுக்கும்போது லிப்பிட் புரொஃபைலும் (ரத்தக் கொழுப்புப் பரிசோதனை) சேர்த்துக் கொடுங்கள். வெண்ணெய் நெய் இந்த அளவு சாப்பிடும் சிலருக்கு எல்டிஎல் (கெட்ட கொழுப்பு என்பார்களே, அது) நன்றாகவே ஏறிவிடுகிறது. ஏறியிருந்தால் "பேலியோவில் அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

மாதவிலக்கு பற்றி எழுதவில்லை. 46 என்றால் தள்ளிப் போக ஆரம்பித்திருக்கலாம். அதற்கு முந்தைய வாரம் ஒன்று, ஒன்றரை கிலோ நீர் கோத்துக்கொள்வது சாதாரணம். அது ஒழுங்கில்லாமல் வரும்போது இந்த வாரத்தையும் போன வாரத்தையும் ஒப்பிடவே முடியாது. முடிந்தால் தினமும் காலையில் பார்த்து வாரச் சராசரி எடுங்கள். தினம் பார்த்தால் மனசு கெடும் என்றால் மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு இன்ச் டேப்பை எடுங்கள். இடுப்புச் சுற்றளவு நம் ஊர்ப் பெண்களுக்கு 80 செ.மீ.க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது கணக்கு. சர்க்கரைக்கு எடையைவிட அந்த அளவுதான் முக்கியம்.

விரதம் பற்றி, அக்காவுக்கு இல்லாவிட்டாலும் படிக்கிற மற்றவர்களுக்காக. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாவுச்சத்தை வெட்டினாலோ 24 மணி நேரம் பட்டினி கிடந்தாலோ சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழ வாய்ப்பு உண்டு. டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் இன்னும் கவனம். சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே ரத்தத்தில் அமிலம் ஏறும் நிலை வரலாம், குளுக்கோமீட்டரைப் பார்த்தால் எல்லாம் நன்றாக இருப்பது மாதிரியே தெரியும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குவது என்றால் நேராக ஆஸ்பத்திரி. எந்தக் குழுவிலும் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டாம்.

இரும்புக்கடை:

கடையில் விற்பது கம்பி, காலையில் தூக்குவதும் அதுதான். மேடம், உங்கள் பட்டியலில் உடற்பயிற்சி என்று ஒரு வார்த்தைகூட இல்லை. உணவைக் குறைத்து மட்டும் எடை குறைத்தால் கொழுப்போடு தசையும் போகும். 40 தாண்டியவர்களுக்கு அது எப்படியும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஜிம் வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், அஞ்சு லிட்டர் தண்ணிக் கேனை இடுப்பிலிருந்து தூக்கி இறக்குவது. வாரம் மூணு நாள், இருபது நிமிசம். சுலபமாகிவிட்டால் எடையைக் கூட்டுங்க. ஆரம்பித்த முதல் ரெண்டு மூணு வாரம் தசை நீர் பிடித்து மெஷின் ஏறினாலும் ஏறும், பயப்படாதீங்க.

திருப்பூர்க்காரி:

எல்லோருக்கும் நன்றிங்க. உடனே பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் பாட்டில் கணக்கு முடியட்டும் என்றுதான்.

கரண்டி அண்ணா, எண்ணெயும் நெய்யுமாக ஒரு நாளைக்கு 31 கிராம் வந்தது. நீங்கள் 25 என்றே போட்டிருந்தீங்க. பட்டர் டீயை விட்டுவிட்டேன், இப்போது ஒரு மணி நேரம் கழித்து இஞ்சி தட்டிப் போட்ட கடுங்காபி, பால் இல்லாமல். முதல் ரெண்டு நாள் தலைவலி, அப்புறம் ஒன்றுமில்லை. பாதாமைக் குறைத்தது சுலபம். நாலு மணி சீஸ்தான் கஷ்டம், பக்கத்து மேஜையில் வெங்காய பஜ்ஜி ஆவி பறக்கும்போது கையில் ஏதாவது வேண்டும். வெள்ளரிக்காயில் மிளகுத்தூள் போட்டுக் கொண்டுபோகிறேன். பஜ்ஜிக்கு ஈடு இல்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

சிஸ்டர், டிஎஸ்எச் 6.8, கொஞ்சம் கூடுதல்தான். டாக்டர் டோஸை மாற்றவில்லை, மாத்திரையை ஒழுங்காகப் போட்டு ஆறு வாரம் கழித்துத் திரும்ப வரச் சொன்னார். எல்டிஎல் 162. அவர் முகம் கொஞ்சம் மாறியது, அதையும் அப்போதே சேர்த்துப் பார்ப்போம் என்றார்.

டேப் விஷயத்துக்குத்தான் சிரித்துவிட்டேன். டேப் என் கழுத்திலேயே கிடக்கும். டி-ஷர்ட் மார்புச் சுற்றில் ஒரு சென்டிமீட்டர் டாலரன்ஸுக்கு (அளவில் அனுமதிக்கிற வித்தியாசம்) பையரோடு மல்லுக்கட்டுகிறவள், என்னை அளந்ததில்லை, தையலுக்குக் கொடுத்த சுடிதார் அளவுதான் இருக்கிறது. ஆடித் தள்ளுபடியில் எடுத்த துணிக்கு டெய்லர் எழுதிய சீட்டில் இடுப்பு 91. நேற்று அதே இடத்தில் வைத்துப் பார்த்தால் 89. டாலரன்ஸைத் தாண்டியிருக்கிறது, ஆனாலும் டெய்லர் டேப்பும் என் டேப்பும் வேறு என்பதால் இதைப் பாஸ் பண்ண மாட்டேன். இனி என் டேப்பிலேயே மாதத்துக்கு ஒரு தடவை. எடை 74.1. அதையும் இப்போதைக்கு நான் நம்பவில்லை.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. புரட்டாசி முடிய இன்னும் நாள் இருக்கிறது. பனீரைக் குறைத்தால் வேறு என்னத்தைத் தின்பது? சோயா எனக்கு ஒத்துக்கொள்ளாது.

செட்டிநாட்டுக் கரண்டி:

குறைக்க வேண்டாம் தங்கச்சி, பனீரையே மாத்துங்க. கடைப் பனீர் கொழுப்புப் பாலில் செய்வது. டபுள் டோன்டு பால் (கொழுப்பைக் குறைத்த பால்) ஒரு லிட்டர் வாங்கி வீட்டில் திரிச்சா 130 கிராம் போலக் கிடைக்கும், 100 கிராமுக்கு 200 கலோரிக்குள் நிற்கும். கடைப் பனீர் 300. பால் பொங்கி வந்ததும் அடுப்பை அணைத்து ஒரு நிமிசம் விட்டு, எலுமிச்சைச் சாற்றில் பாதித் தண்ணி கலந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊத்துங்க. தண்ணி பச்சையாகத் தெளிந்ததும் நிறுத்திடணும், மேலே ஊத்தினால் புளிக்கும், கடினமாகும். துணியில் வடித்துக் குழாய்த் தண்ணியில் ஒரு அலசு.

ஒன்று சொல்லிவிடுகிறேன், கொழுப்பு குறைந்த பனீரைத் துண்டு போட்டு வறுத்தால் ரப்பர்தான். சூடாக இருக்கும்போதே உதிர்த்துக் குடைமிளகாய், தக்காளி, பச்சைமிளகாயோடு முட்டைப் பொடிமாஸ் மாதிரி கிண்டுங்க, எண்ணெய் ஒரு டீஸ்பூன் போதும், கடைசியில் மிளகு. வடித்த தண்ணியில் பாலின் சர்க்கரையில் பெரும்பங்கு இருக்கும், நல்லதுதானே என்று நீங்கள் குடித்துவிடாதீங்க. வீட்டில் மற்றவர்களுக்குச் சப்பாத்தி மாவு அதில் பிசைந்து கொடுங்க, மெத்தென்று வரும்.